சின்னவன் குதிக்கவில்லை

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம், என் உடம்பில் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். நான் சொல்லப்போவது மணிக்கூண்டில் இடி விழுந்து கடிகாரம் நாலு பத்தில் நின்றுபோன வருஷத்து விஷயம். அந்த வருஷம்தான் ரயில்வே கேட்டுக்கு மேலே புதுப் பாலம் திறந்தார்கள், திறந்த மூன்றாம் மாதம் சர்க்கஸ் ஒட்டகம் ஒன்று பாலத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு அரை நாள் எழுந்திருக்க மாட்டேன் என்றது, இரண்டு பக்கமும் பஸ் நின்றுபோனது, எங்கள் சலூனில் பாதி முகம் சவரம் ஆன ஆட்கள் நுரையோடு எழுந்து ஒட்டகம் பார்க்க ஓடினார்கள், அதில் ஒருவர் திரும்பி வரவே இல்லை, மறுநாள் மீதிப் பாதிக்கு வந்தார். உன் அண்ணன் அப்போது தவழ்கிறான், நீ பிறக்க இன்னும் இரண்டு வருஷம். படிக்கத் தெரியாதவனுக்கு வருஷத்துக்கு நம்பர் கிடையாது, இடியையும் ஒட்டகத்தையும் வைத்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நாற்பத்தொன்று ஆகிறது என்று சித்தப்பா விரல் விட்டுச் சொல்கிறார்.

வழக்கம்போல எழுதுவது உன் கத்தரிச் சித்தப்பாதான். உன் மாப்பிள்ளை இந்தக் கடிதத்தைப் படித்தால் யார் இவர் என்று கேட்பார், சொல்லிவிடு, சலூனில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி நாலாம் நாற்காலியில் நின்றவர், மிஷினைத் தொடாமல் கடைசி வரைக்கும் கத்தரியிலேயே வெட்டியதால் அந்தப் பேர், ரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை, சம்பந்தம் மட்டும் உண்டு. இப்போதும் மூன்று மணி ஆனால் வந்துவிடுகிறார், ஜன்னல் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படித்துச் சொல்வார், இறந்தவர் பக்கத்தை முதலில். அண்ணனை டிப்போவில் தலைமை மெக்கானிக் ஆக்கிவிட்டார்கள், சம்பளத்தை விட அதிகாரம் கூடியிருக்கிறது, வீட்டில் மிக்ஸி ரிப்பேர் என்றாலும் ஆளை அனுப்புகிறேன் என்கிறான். அண்ணி இரண்டாவது தையல் மிஷின் வாங்கியிருக்கிறாள், சும்மா காய்கிற என் வேட்டியைக்கூட விடுவதில்லை, ஓரம் அடித்துவிடுகிறாள். அடுப்படிக் கூரை இந்த மழைக்கும் ஒழுகியது, அதே இடம், அதே பாத்திரம். இவ்வளவுதான் வீட்டு விஷயம். இனி சொல்லப்போவதை நான் சித்தப்பாவிடம் நாற்பத்தொரு வருஷமாகச் சொன்னதில்லை. உனக்குச் சொல்லியே ஆகவேண்டும், எழுதுகிறவர் அவர், ஆகையால் எழுதும்போதுதான் அவரும் கேட்கப்போகிறார். அண்ணியை எழுதச் சொல்லியிருக்கலாம், அப்புறம் அவள் வாய் வழியாக அவருக்குப் போய்ச் சேரும், அது இதைவிடக் கேவலம். எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் நானே எழுதி மறைத்திருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வரியை முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். என்னண்ணே, உயில் எழுதப்போறீங்களா என்றார். எழுதுப்பா என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது, பதில் சொல்வதற்குள் அண்ணி போனை வாங்கிக்கொண்டு தக்காளி விலை பேச ஆரம்பித்துவிட்டாள். வீட்டு மீன் தொட்டியில் நீ புதிதாக நாலு மீன் வாங்கி விட்டாய், பட்டன் என்கிற பழைய மீன் அவற்றைத் துரத்தித் துரத்திக் கடிக்கிறது, இரண்டு செத்துப்போனது, ஒன்றுக்கு வால் பாதிதான் இருக்கிறது, அது மோட்டாருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சாப்பிடக்கூட வெளியே வருவதில்லை என்றாய். அடுத்த மாதம் பேத்தி பள்ளிச் சுற்றுலாவுக்கு மூன்று நாள் போவாள், அந்தச் சமயத்தில் பட்டனை மீன் கடையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் செத்துப்போச்சு என்று சொல்லிவிடுகிறேன் அப்பா, இரண்டு நாள் அழுவாள், சரியாகிவிடும் என்றாய். நான் ம் என்று மட்டும் சொன்னேன். அதை நீ சரி என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சரி இல்லை. செய்துவிடாதே. அந்த மீன் சட்டைப் பட்டன் அளவு இருக்கும்போது பேத்தியைப் பெற்றவள் வாங்கி விட்டது, அந்தம்மா இறந்து நாலு வருஷம் ஆகியும் அந்தப் பெண் ஒரு வேளை தீனி தவறவிட்டதில்லை என்று மாப்பிள்ளையே உன் கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னார். அது முதல்லயே இங்க இருந்துச்சு என்று அவள் உன்னிடம் சொன்னதாகச் சொன்னாயே, அதில் வாய்த்துடுக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியும் அவள் உன்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும், நீ குளிக்கும்போது போனை எடுத்தால் அவங்க குளிக்கிறாங்க தாத்தா என்கிறாள். அதனால் உனக்கு அந்த மீன் மேல் கோபம் என்று சொல்லவில்லை. செத்த மீனைக் காலையில் எடுத்துப் போடுகிற கைக்கு வரும் எரிச்சல் எனக்குத் தெரியும், நான் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

எங்கள் சலூனில் தொட்டி வந்த கதையை நீ கேட்டதில்லை. முதல் நாற்காலியில் நின்ற பெரியவர் கடைக்குச் சொந்தக்காரர், காத்திருக்கிற ஆட்கள் அடுத்த கடைக்கு நழுவாமல் இருக்க எதையாவது வேடிக்கை காட்ட வேண்டும் என்று மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி செய்து பெஞ்சுக்கு எதிரே சுவரோரமாக வைத்தார். இரண்டாம் நாற்காலி நான், மூன்றாம் நாற்காலி பாட்டுக்காரர், அவர் முணுமுணுப்பு நின்றால் கத்தியில் பிசகு என்று அர்த்தம், நாலாம் நாற்காலி சித்தப்பா, அப்போது ஊருக்குப் புதிது, சொந்தம் பந்தம் இல்லாமல் மச்சில் ஒரு அறையில் தனியாக இருந்தார். பேசவே மாட்டார். அவர் அறையில் ஊறுகாய் பாட்டிலில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு மீன் வளர்த்தார், பாட்டில் போதாமல் போனதும் கடைக்குக் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். நெஞ்சில் சிவப்பாக, தலை கொஞ்சம் முட்டிக்கொண்டு, ஒரு வருஷத்தில் உள்ளங்கை நீளம் வந்துவிட்டது. மூலைக்கு மூலை ரோந்து போகும், அதனால் நாங்கள் எல்லோரும் இன்ஸ்பெக்டர் என்போம், சித்தப்பா மட்டும் சின்னவன் என்பார். அவர் கண்ணாடியில் விரல் வைத்தால் எங்கே இருந்தாலும் வரும், நான் வைத்தால் முதுகைக் காட்டும். முடி வெட்ட உட்கார்ந்தவரோடு ஒரு வார்த்தை பேசாதவர் சின்னவனோடு அன்றைக்கு நடந்ததெல்லாம் பேசுவார், பாட்டுக்காரர்கூட, ஏம்ப்பா, எங்களுக்கும் ஒரு தொட்டி வாங்கிக் குடு, நாங்களும் உள்ள இறங்கிக்கிறோம், அப்பவாவது பேசுவியான்னு பார்ப்போம் என்று கேலி செய்வார்.

இப்போது எங்கள் நாலு பேரின் மடத்தனத்தைக் கேள், சவரக்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். மூன்றாம் நாற்காலிக்கு எதிரே இருந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஓரத்தில் விரிசல் விட்டது, அதை மாற்றியபோது நல்ல பாகத்தை அறுத்துத் தொட்டியின் பின்பக்கம் முழுக்க மாட்டிவிட்டார் பெரியவர். ஆறு மீன் போட்டா பன்னெண்டு தெரியும்டா என்றார். அழகாகத்தான் இருந்தது. தினம் காலையில் மற்றக் கண்ணாடிகளோடு அதையும் நான்தான் பேப்பர் போட்டுப் பளபளவென்று துடைப்பேன். அந்த மாதத்திலிருந்து சின்னவன் மாறிவிட்டான். வாலை விறைத்துக்கொண்டு, செவுளைக் குடை மாதிரி விரித்துக்கொண்டு பின்பக்கமே நிற்பான், திரும்பி வருகிற வேகத்தில் எது எதிரே வந்தாலும் கடிப்பான். பெரியவர் ஆசையாக வாங்கிய வெள்ளை மீன் ஜோடி, நீளத் துடுப்பு, மிதக்கும்போது துணி அலசுகிற மாதிரி இருக்கும், அதில் ஒன்று செத்தது, அப்புறம் இன்னொன்று. மீன் வைத்திருந்த அனுபவம் எங்கள் யாருக்கும் கிடையாது, சித்தப்பாவுக்குத் தெரிந்தது அந்த ஒரு மீன்தான். ஜாதிக் குணம் என்றார் பாட்டுக்காரர். ருசி கண்டுவிட்டது என்றார் பெரியவர். தீனியைக் கூட்டினோம், குறைத்தோம், கல் உப்புப் போட்டோம். நிற்கவில்லை. ஒரு நாள் வாடிக்கைக்காரர் ஒருவர் நாலு வயசுப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தார், அந்தக் குழந்தை கண்ணெதிரே ஒரு மீன் பாதியாகக் கிடந்தது, அது வீறிட்டு அழுதபடி வெளியே ஓடிவிட்டது. பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தொட்டி உன் பொறுப்புதானே, என்ன செய்வியோ எனக்குத் தெரியாது, இன்னொரு தடவை இப்படி ஆகக்கூடாது என்றார்.

கடைக்கு வார விடுமுறை செவ்வாய். செவ்வாய் காலையில் நான் மட்டும் சாவி வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் பாதித் தண்ணீர் மாற்றிவிட்டு வருவேன். திங்கள்கிழமை கடைசி ஆள் போனதும் தொட்டியை மூடுவது சித்தப்பாவின் வேலை, அவராகவே எடுத்துக்கொண்டது, மீன் குதிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூடி என்றால் மரச்சட்டம் போட்ட கண்ணாடி, அது நகராமல் இருக்க முடியைப் பிரித்துப் பிடிக்கிற கிளிப் இரண்டை இரண்டு ஓரத்திலும் போட்டுவிட்டுப் போவார். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் தண்ணீர் மாற்றவில்லை. மூடியை எடுத்தேன், சின்னவனை வலையில் பிடித்து வாளியில் விட்டேன், ஆட்களுக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணியை வாளிக்குப் போர்த்திக் கட்டினேன், மூன்றாவது தெருவில் பல் டாக்டர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். அவர் காத்திருக்கும் அறையில் பெரிய தொட்டி வைத்திருந்தார், வாடிக்கைக்காரர், மீன் இருந்தால் சொல்லுங்கள் என்று முன்பே கேட்டிருந்தார். புதன்கிழமை காலையில் சித்தப்பா வந்து சட்டையை மாட்டிவிட்டு விரலைக் கண்ணாடியில் வைத்தார். சின்னவன் எங்கண்ணே என்றார். கொடுத்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், குதிச்சிட்டான்ப்பா என்று வந்தது. நேத்து வந்து பார்த்தேன், தரையில் கிடந்தான், எடுத்துப் போட்டுட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். அவர் ரொம்ப மெதுவாக, மூடி என்று கேட்டார். மூடி ஒரு பக்கம் கொஞ்சம் விலகியிருந்துச்சு என்றேன்.

அவர் போய்க் கத்தரியை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு ஒன்பது பேருக்கு முடி வெட்டினார், ஒருவர் காதிலும் ஒரு கீறல் இல்லை. சாயங்காலம் பெரியவரிடம் போய், நான்தான் சரியா மூடலை, மன்னிச்சுக்குங்க என்றார். நான் பக்கத்தில் சோப்புக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவியதையே கழுவினேன். அதற்குப் பிறகு அவர் அந்தத் தொட்டிப் பக்கம் போகவில்லை, தீனி போடச் சொன்னாலும் கை ஈரம் என்பார். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை போய் இழுத்துப் பார்ப்பது, நம் வீட்டு கேட்டைச் சாத்திவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து கொக்கியைத் தொட்டுப் பார்ப்பது, நீயும் அண்ணனும் சின்ன வயசில் ஒளிந்திருந்து எண்ணிச் சிரிப்பீர்களே, அதெல்லாம் அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம் வந்தது. உன் அம்மா ஒருத்திக்குத்தான் இது தெரியும். அவர் கொக்கியைத் தொடும்போதெல்லாம் முதலில் அவரைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். போகிற வரைக்கும் அப்படித்தான் பார்த்தாள். ஆகையால் இப்போது சொல்கிறேன், மூடி மூடியே இருந்தது, இரண்டு கிளிப்பும் போட்டபடியே இருந்தன, சின்னவன் குதிக்கவில்லை.

இந்த இடத்தில் சித்தப்பா பேனாவை எடுத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் வேகமாகச் சொல்லிவிட்டால், மறுபடி சொல்லுங்கண்ணே, விட்டுப்போச்சு என்று கேட்பது அவர் வழக்கம், அதே மாதிரி, மறுபடி சொல்லுங்கண்ணே என்றார். எழுதியாகிவிட்டது, காகிதத்தில் வரி இருப்பது படிக்கத் தெரியாத எனக்கே தெரிகிறது. இருந்தாலும் சொன்னேன். மூடி மூடியே இருந்தது, இரண்டு கிளிப்பும் போட்டபடியே இருந்தன, சின்னவன் குதிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார். உன் கடிதத்தில் அது இரண்டு தடவை இருக்கும், தவறி எழுதியது என்று நினைத்துவிடாதே.

மீதியையும் சொல்லிவிடுகிறேன், பாதியில் நிறுத்தினால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். சின்னவன் போன மூன்றாவது வாரம் தொட்டியில் சண்டை திரும்ப வந்தது. அதுவரை வாயே திறக்காத வரிமீன் ஒன்று செவுளை விரித்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்றது, அதே நடை, அதே கடி. அப்போது கடைக்கு வெள்ளையடித்தார்கள், சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்கத் தொட்டிக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைக் கழற்றி வைத்தோம், இரண்டு நாள் தொட்டியில் சத்தமே இல்லை, கழற்றியதை மாட்டினோம், அரை மணியில் ஆரம்பித்துவிட்டது. பாட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு, டேய், அது தன் மூஞ்சியைப் பார்த்துத்தான்டா சண்டைக்குப் போகுது, எதிராளி ஓடவே மாட்டேங்கிறான், அந்த ஆத்திரத்தைப் பக்கத்துல இருக்கிறவன்கிட்டக் காட்டுது என்றார். நாலு சவரக்காரர்கள், நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பிழைக்கிறவர்கள், எங்களுக்கு அது தோன்றவில்லை பார். சித்தப்பா அப்போது நாற்காலியில் இருந்தபடியே, அப்ப சின்னவன் மேல தப்பே இல்லையா என்று கேட்டார். யாரிடமும் கேட்கவில்லை, சும்மா கேட்டார். மூன்றாவது தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம். வாளியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் கால் மணியில் சின்னவன் கடைக்கு வந்திருப்பான். ஆனால் செத்த மீனை எப்படி வாளியில் கொண்டுவருவேன். போகவில்லை. பல் டாக்டர் தொட்டியில் அவன் ஆறு வருஷம் இருந்தான், பின்னால் பச்சைக் காகிதம் ஒட்டிய தொட்டி, நடுவில் பெரிய கல், மற்ற மீன்களோடு ஒரு சச்சரவும் இல்லை, நான் பல் பிடுங்கப் போனபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். சித்தப்பா அங்கே போய்விடக்கூடாதே என்று, அந்த டாக்டருக்குக் கை கனம், தாடையைக் கழற்றிடுவார் என்று நானே கிளப்பிவிட்டேன். பாவம் இவர் பல்வலி வந்தபோது டவுன் தாண்டி வேறு ஆளிடம் போனார், அந்த ஆள் நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டான்.

எழுதி முடித்துவிட்டு, ஆறு வருஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெருசா ஆனானா என்றார். முழங்கையில் பாதி இருந்தான் என்றேன். எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கோபமாப்பா என்று கேட்டேன். மீனை அப்புறம் பார்த்துக்கலாம், பல்லுக்கு என்ன சொல்றீங்க என்றார். இன்னும் அவர் முகம் சரியாக இல்லை, அதையும் எழுதச் சொன்னேன், எழுதுகிறார்.

உனக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான் அம்மா. நீ பட்டனைக் கொடுப்பது கொடுக்காதது இரண்டாவது. செத்துப்போச்சு என்று சொன்னால், அந்தப் பெண் ஏன் என்று தனக்குள் தேடுவாள், தேடினால் அவள் கைதான் முதலில் கிடைக்கும். கடைசியாகத் தீனி போட்டது அவள். விட்டுவிட்டு ஊர் போனது அவள். அவளைப் பெற்றவள் ஆஸ்பத்திரியில் உயிர் விட்ட அன்றைக்கும் அவள் மாமா வீட்டில் இருந்தாள் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். நான் போனா இப்படி ஆகும் என்று ஒரு தடவை மனதில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யார் எடுப்பது. உனக்கு இரண்டு நாள் அழுகையாகத் தெரிவது அவளுக்கு எத்தனை வருஷம் ஓடும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே சுற்றுலாவுக்கு முன்னாலேயே அவளை உட்கார வைத்து, இந்த மாதிரி செய்ய நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் தொட்டியை என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டுச் செய். கல்லைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால் அடங்கும் என்று சொல்ல வந்தேன், சித்தப்பா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, அதெல்லாம் பத்தாதுண்ணே, நான் சொல்றேன் என்றார். மீனைப் பற்றி இந்த மனிதர் வாயைத் திறந்து எத்தனை காலம் ஆகிறது. இவர் இதையெல்லாம் எப்போது தெரிந்துகொண்டார் என்று கேட்டேன், பேப்பரில் வரும், உங்களுக்குப் படித்துக் காட்டினதில்லை என்கிறார். ஆகையால் இனி வருவது அவர் சொல்லி அவரே எழுதுவது.

பட்டனுக்கு அந்தத் தொட்டி முழுக்கத் தன் வீடு, எந்தக் கல் எங்கே என்று அதற்குப் பாடம், புதிதாக வந்தவர்கள் எங்கே போனாலும் அதன் இடத்தில்தான் நிற்கிறார்கள், அதனால்தான் துரத்துகிறது. முதலில் அதைப் பேத்தியின் கையாலேயே பிடித்துத் தனி வாளியிலோ சின்னத் தொட்டியிலோ விடுங்கள், பழைய தொட்டித் தண்ணீரிலேயே, காற்றுக் குழாய் ஒன்று போட்டு, மேலே மூடி. அப்புறம் தொட்டியில் இருக்கிற கல், சட்டி, செடி எல்லாவற்றையும் கலைத்து வேறு மாதிரி வையுங்கள், ஒன்றுகூடப் பழைய இடத்தில் இருக்கக்கூடாது. தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு போதும். நடுவில் உயரமாகக் கல்லோ செடியோ இருக்கட்டும், இந்தக் கோடியில் இருக்கிற மீனுக்கு அந்தக் கோடி தெரியக்கூடாது, கண்ணில் படாவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும். மீன் எத்தனையோ அதற்கு ஒன்று கூடுதலாக ஒளிகிற இடம் வேண்டும், உடைந்த பூச்சட்டியைக் கவிழ்த்து வைத்தாலே ஆயிற்று. வால் போனதற்கு வால் வளரும், பயப்பட வேண்டாம், அதுவும் மற்றதும் நாலைந்து நாள் தைரியமாகச் சுற்றிப் பழகட்டும். அதற்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு எல்லோருக்கும் தீனி போட்டுவிட்டுப் பட்டனைக் கடைசியாக விடுங்கள், அப்போது அதுவும் புதிசு, எல்லோரும் புதிசு. தீனியை இரண்டு கோடியிலும் ஒரே சமயத்தில் போடவேண்டும், ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவள். நீளத் துடுப்பு மீன் இனி வாங்காதே, பட்டனைவிடச் சின்னதும் வாங்காதே. தொட்டிக்கு நேர் எதிரே டிவியோ கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியோ இருந்தால் நகர்த்திவிடு, பின்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டிவிடு. இத்தனையும் செய்து ஒரு வாரம் பார்த்தும் கடித்தால் நடுவில் வலைத் தடுப்பு, அதற்கும் அடங்காவிட்டால் பட்டனுக்குத் தனித் தொட்டி, எந்த அறையில் வைப்பது என்பதை அந்தப் பெண் சொல்லட்டும். சில மீன் தனியாகத்தான் இருக்கும், அதற்காக அதைச் செத்துப்போனதாகச் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி அப்பா சொல்கிறேன், இந்தக் கடைசி வரியும் சித்தப்பா வாயிலிருந்து வந்ததுதான், நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வெந்நீரில் குளி, தலைமுடியை ஈரத்தோடு கட்டாதே. அண்ணி இரண்டு பாவாடை தைத்து வைத்திருக்கிறாள், பேத்தியின் உயரம் எவ்வளவு என்று சுவரில் கோடு போட்டு அளந்து அடுத்த தடவை சொல்லவேண்டுமாம். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு, ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டாவது சந்தோஷமாக இருக்கவேண்டும், அதுவே எனக்கு வேண்டியது. இந்தக் கடிதம் பத்து நாளில் வந்து சேரும் என்கிறார் தபால்காரர், வந்த அன்றைக்கே அவளோடு பேசு, சுற்றுலா வரை தள்ளாதே. கீழே என் பெருவிரல் ரேகை இருக்கிறது, மசி கொஞ்சம் பரவிவிட்டது.

இப்படிக்கு, உன் அப்பா.

பின்குறிப்பு. தொட்டி விஷயமாகப் பேத்திக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதச் சொல்லாதே, அந்தத் தொட்டியில் நான் செய்ததெல்லாம் உனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது, பாட்டுக்காரர் போன குளிருக்குப் போனார், பல் டாக்டர் அதற்கும் முன்னாலேயே. சின்னவனைத் தெரிந்தவர்களில் கேட்டால் பதில் சொல்லத் தகுந்தவர் என்று உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான், அவள் நேராக அவருக்கே எழுதட்டும், உறையின் மேல் கத்தரித் தாத்தா என்று போட்டால் போதும்.